மருந்துக்கடை தாண்டினால் நொண்டும் கால்

…வலதா இடதா என்று மறந்துபோனதுதான் அன்றைக்குப் பெரிய கூத்து, மருந்துக்கடை வரைக்கும் விறுவிறுவென்று நடந்து வந்துவிட்டு, கடையைத் தாண்டியதும் வீட்டு பால்கனி கண்ணில் பட, அவசரத்தில் தினமும் நொண்டும் காலை விட்டுவிட்டு மற்றதை நொண்டியாகிவிட்டது, நல்லவேளை வீட்டுக்காரர் கண்ணாடி போட்டிருக்கவில்லை, துண்டை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்… என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே சுஷமா நாற்காலியிலிருந்து எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடியும் எழுந்தாள். கையை ஊன்றக் கூடாது, மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொள்ள வேண்டும், எழும்போது மூச்சை விட வேண்டும், உட்காரும்போது பொத்தென்று விழாமல் கீழே முட்டை இருக்கிற மாதிரி மெல்ல உட்கார வேண்டும், எல்லாம் ருச்சாவின் சட்டம். ருச்சா பிசியோதெரபி படித்த பெண், சுஷமாவின் மகனைவிடச் சின்னவள், ஆனால் அதட்டும்போது மாமியாருக்கு மாமியார். மழைக்காலம் நாலு மாதமும் புனேயில் முகூர்த்தம் கிடையாது, கல்யாண மண்டபம் சும்மாதானே கிடக்கிறது என்று பேசி வாங்கி, முட்டி போனவர்கள், இடுப்பு பிடித்தவர்கள், சர்க்கரைக்காரர்கள், இதயத்தில் ஆபரேஷன் ஆனவர்கள் எல்லோரையும் சேர்த்துப் போன வருஷமே ஒரு வகுப்பு ஆரம்பித்திருந்தாள், முகூர்த்த நாட்களில் மட்டும் விடுமுறை. மேடையில் மணமகள் உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலி ஒன்று உண்டு, கொஞ்சம் உயரம், எழுவது சுலபம், அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு அதுதான். முதலில் சுஷமாவும் அதில்தான் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள், கல்யாணத்தன்று கூட இத்தனை நேரம் சிம்மாசனத்தில் இருந்ததில்லை… இப்போது குட்டையான பிளாஸ்டிக் நாற்காலிக்கு வந்தாகிவிட்டது, பதவி உயர்வு என்றால் இங்கே இப்படித்தான்.

"உக்காந்தாச்சா, எழுந்தாச்சா, உள்ள போங்க உள்ள போங்க, வாசல்ல நிக்காதீங்க" என்று ஜாதவ் காகா பக்கத்திலிருந்து கத்தினார். பேருந்து நடத்துனராக இருந்தவர், நெஞ்சைத் திறந்து வைத்தியம் பார்த்துத் தைத்திருக்கிறார்கள், குரலை மட்டும் தைக்க மறந்துவிட்டார்கள். முட்டியில் இப்போது ஒரு சின்ன இழுப்பு, வலியா அது, வலி இல்லை, வேலை செய்கிறேன் என்று சதை சொல்கிற சேதி, வலித்தால் உடைகிறது என்று அர்த்தம் இல்லை காகூ, காகூ என்றால் அத்தை, காகா என்றால் மாமா, எல்லோரையும் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள், வலி ஒரு மணி, சில சமயம் காற்றுக்கும் அடிக்கும் என்று ருச்சா முதல் நாள் சொன்னபோது, உனக்கென்னடியம்மா, உன் முட்டியா என்று மனசுக்குள் திட்டியது ஞாபகம் இருக்கிறது. அந்த நாட்களில் மணி அடித்தபடியேதான் இருந்தது. மாடிப்படி என்றால் பயம், பஜனைக்குப் போனால் எல்லோரும் தரையில், இவள் மட்டும் நாற்காலியில் நீதிபதி மாதிரி. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், மாற்றிவிடலாம், இரண்டையும் என்றார், சைக்கிள் டயரைச் சொல்வது போல. பிறகு, பாவம் அவரையும் குறை சொல்லக் கூடாது, அதற்கு முன்னால் ஒழுங்காகப் பயிற்சி செய்து பாருங்கள், எடை குறையட்டும், சர்க்கரை அடங்கட்டும், பல பேருக்குக் கத்தியே தேவைப்படுவதில்லை என்று அவர்தான் ருச்சாவிடம் அனுப்பினார். இல்லாவிட்டால் இந்நேரம் இரண்டு காலிலும் இரும்பு… ஆனால் இரும்பு இருந்தால் ஒன்று, ஊருக்கே தெரியும், ஒளிக்க வேண்டியதில்லை. இப்போது குணமானதை அல்லவா ஒளிக்க வேண்டியிருக்கிறது, திருட்டுத்தனமாக நோய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறோம், திருட்டுத்தனமாகக் குணமானவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான்.

எல்லாம் ஒரு டீயினால் வந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து காலை டீ இவள் வேலை, அவர் வானிலை அலுவலகத்தில் இருந்தார், இருட்டோடு எழுந்து போவார், டம்ளரை வாங்கிக்கொள்ளும்போது செய்தித்தாள் முகத்துக்கு நேராக நிற்கும், அதற்குப் பின்னாலிருந்து ஒரு கை வரும், டம்ளர் போகும், காலி டம்ளர் திரும்பும், அவ்வளவுதான் தாம்பத்தியம். கெட்டவர் இல்லை, குடி இல்லை, கோபம் இல்லை, பேச்சும் இல்லை. இன்றைக்கு மழை உண்டா என்று கேட்டால் பதில் வரும், வேறு எதைக் கேட்டாலும் "பாக்கலாம்". ஓய்வு பெற்ற பிறகும் அதே செய்தித்தாள், அதே சுவர். அப்புறம் போன மழைக்காலத்தில் ஒருநாள் காலையில் முட்டி பூட்டிக்கொண்டது, கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை, அழுகை வந்துவிட்டது, வலியினால் இல்லை, அடுப்பு காத்திருக்கிறதே என்று. அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார், வானத்தைப் பார்ப்பது போல, பிறகு சமையலறைக்குள் போனார், என்னென்னவோ உருண்டது, டீ வந்தது. அதை டீ என்று சொன்னால் டீத்தூளுக்குக் கோபம் வரும், கஷாயம், அதில் ஏலக்காயைத் தோலோடு மிதக்கவிட்டிருந்தார். அறையில் நாற்காலி இல்லை, எங்கே உட்காருவது என்று தெரியாமல் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்தார், கையில் செய்தித்தாள் இல்லை, மறந்து வந்துவிட்டார், பார்க்க வேறு எதுவும் இல்லாததால் இவளைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "நம்ம கல்யாணத்தன்னிக்கு வானம் தெளிவா இருக்கும்னு நான்தான் எல்லாருக்கும் சொல்லியிருந்தேன் தெரியுமா" என்றார்.

தெரியாது, அவளுக்கு எப்படித் தெரியும், அன்றைக்குக் கொட்டிய மழையில் பந்தல் தொப்பையாகத் தொங்கி, ஊர்வலக் குதிரை மிரண்டு, மாப்பிள்ளைத் தலைப்பாகைச் சாயம் காது வரை இறங்கியது மட்டும்தான் தெரியும். அத்தனை வருஷமும் அந்த மனிதர் அந்த வெட்கத்தைச் சுமந்துகொண்டு செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்திருக்கிறார், யாராவது நம்புவார்களா… அன்றிலிருந்து தினமும் ஒரு டீ, ஒரு சேதி. ஆற்றில் வெள்ளம் பார்க்கப் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிப்போய் அடி வாங்கியது, பெண் பார்க்க வந்தபோது பயத்தில் இவள் முகத்தையே பார்க்காமல் கால்விரல்களை மட்டும் பார்த்துவிட்டுச் சம்மதம் சொன்னது, மகன் அமேய் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று குறித்துக்கொண்டது. டீயும் தேறியது, இஞ்சி வந்தது, ஏலக்காய் தோல் போனது. சுஷமா தலையணையில் சாய்ந்துகொண்டு ராணி மாதிரி வாங்கிக் குடித்தாள், அவர் தினமும் முதலில் கேட்பது, "முட்டி எப்படி இருக்கு?" இவள் சொல்வது, "இருக்கு." அதற்கு அப்புறம்தான் சேதி ஆரம்பிக்கும். அப்படியிருக்க ஒருநாள் காலையில் எழுந்து கால் நீட்டினால், முட்டி ஒன்றும் சொல்லவில்லை. மடக்கிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷத்தில் கத்தியிருக்க வேண்டியவள், கதவுக்கு வெளியே தட்டு வரும் ஓசை கேட்டதும் அவசரமாகப் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு முகத்தைச் சுளித்துக்கொண்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது, முட்டி வலி போனால் டீ போகும், டீ போனால் கட்டில் ஓரம் போகும், மறுபடி அந்தச் சுவர் எழும்பிவிடும், அதை இன்னொரு தடவை பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லை. முட்டிக்குப் பயிற்சி இருக்கிறது, அதற்கு எந்த மண்டபத்தில் பயிற்சி?

"ஜாதவ் காகா, இன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க?" என்று ருச்சா திடீரென்று நின்றாள். சிராவண மாதத் திங்கட்கிழமை, வகுப்பில் பாதிப் பேர் விரதம், பாதி முகங்கள் வெளுத்திருந்தன. "விரதம்மா, மகாதேவருக்கு." "மகாதேவருக்கு சர்க்கரை மாத்திரை கிடையாது, உங்களுக்கு இருக்கு. மாத்திரை போட்டுட்டு வெறும் வயித்துல குதிச்சா அப்படியே மயங்கி விழுவீங்க." "ஜவ்வரிசி கிச்சடி சாப்பிட்டேனே, ஒரு தட்டு… ரெண்டு தட்டு." "ரெண்டு தட்டா! அதுக்குப் பேரு விரதமா?" மண்டபமே சிரித்தது, காகா வெட்கப்படாமல் தானும் சிரித்தார், ருச்சா அவர் விரலில் குத்தி சர்க்கரையைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள், மயங்கி விழ மாட்டார், பறந்துவிடுவார் போலிருக்கிறது. சுஷமா இன்றைக்கு விரதம் இல்லை, காலை டீயோடு ஒரு தாலிபீட் ரொட்டி, அதையும் அவரே தட்டிச் சுட்டார், ஆப்பிரிக்கா வரைபடம் மாதிரி ஒரு வடிவம்… இதையெல்லாம் விட்டுவிட்டு எப்படி நான் நல்லா இருக்கேன் என்று போய்ச் சொல்வது? ஆனால் சொல்லாமல் எத்தனை நாள்? அடுத்த செவ்வாய் மங்களாகௌரி நோன்பு, மருமகள் தன்விக்குக் கல்யாணமாகி முதல் வருஷம், காலையில் பூஜை, பிற்பகல் முழுக்க பெண்கள் கூடி ஃபுகடி ஆட்டம், கை கோத்து, பாதங்களைச் சேர்த்து வைத்து, பின்னால் சாய்ந்து சுற்றுகிற சுற்று. இந்தப் பேட்டையில் சுஷமாவும் ஷைலாவும் சேர்ந்து சுற்றினால் மற்றவர்கள் நின்று பார்ப்பார்கள், அப்படி ஒரு காலம். தன்வி ஆசையாகக் கேட்டாள், அத்தை, நீங்களும் என்னோட ஒரு சுத்து… இவள் வாய் திறப்பதற்குள் அவர், "அவளால முடியாதும்மா, நான் மெத்தை வெச்ச நாற்காலி ஒண்ணு வாடகைக்குச் சொல்லியிருக்கேன், அதுல உக்காந்து பாடட்டும்" என்று சொல்லிவிட்டார், எவ்வளவு அக்கறையோடு சொன்னார், அந்த அக்கறையைப் பார்த்து இவளும் முட்டியைத் தடவிக்கொண்டாள், தடவிக்கொண்டே உள்ளுக்குள் கால் தாளம் போட்டது. ஆடினால் டீ போச்சு. ஆடாவிட்டால், ருச்சாவோடு இத்தனை மாதம் வியர்த்தது எதற்கு, மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்கள் சுற்றுவதைப் பார்க்கவா?

ரப்பர் பட்டையைக் காலில் மாட்டிப் பக்கவாட்டில் நடந்தார்கள், நண்டுகள் ஊர்வலம், பிறகு குதிகாலைத் தூக்கி நின்றார்கள், சுவரில் முதுகைச் சாய்த்து பாதி உட்கார்ந்தார்கள். பக்கத்தில் ஷைலா, அதே கட்டடத்தில் இரண்டு மாடி கீழே இருக்கிறாள், விரல் மூட்டுகளில் வாதம், காலையில் விரல் பிரியவே ஒரு மணி நேரம் ஆகும், ஆனால் நாக்குக்கு எந்த வாதமும் இல்லை. "சுஷமா, உன் தொடையைப் பாருடி, மல்லனுக்கு இருக்கற மாதிரி. இதை வெச்சுக்கிட்டு எப்படித்தான் வீட்டுல அந்த நடிப்பு நடிக்கறியோ." ஷைலாவுக்கு மட்டும் தெரியும், தெரிந்தது தப்பு, ஆனால் யாரிடமாவது சொல்லாமல் எப்படி இருப்பது. "சும்மா இரு, மூச்சு வாங்குது." "பேச முடியுதா?" என்று ருச்சா அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள். "முடியுது." "பாட முடியுதா?" "முடியல." "அப்ப சரியான வேகம். பேச முடியணும், பாட முடியக் கூடாது." சுஷமாவுக்கு அது பிடித்திருந்தது, வீட்டிலும் அப்படித்தான் இருக்கிறது இப்போது, பேச முடிகிறது, பாட மட்டும்…

கடைசியில் ஜமுக்காளம் விரித்தார்கள். இன்றைக்குத் தரை. தரையில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழ வேண்டும், யாருக்கு முடியுமோ அவர்கள் மட்டும், முடியாதவர்கள் ஊன்றிக்கொள்ளலாம், அசிங்கம் ஒன்றும் இல்லை என்றாள் ருச்சா. ஜாதவ் காகா ஊன்றி எழுந்து, "வண்டி கிளம்பிடுச்சு" என்றார். ஷைலா ஒரு முழங்காலில் நின்று எழுந்தாள். சுஷமா சம்மணமிட்டு உட்கார்ந்தாள், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள், இந்த ஜமுக்காளத்தில் எத்தனை பந்தி நடந்திருக்கும், என்ன வாசனை இது, வரன்பாத் என்கிற பருப்புச் சோறும் நெய்யும்… முன்னால் சாய்ந்தாள், ஒரு பாதத்தை ஊன்றினாள், முடியாது, முடியும், விழுந்தால் எல்லோர் முன்னாலும், விழுந்தால் என்ன, ஒரு விதத்தில் விழுந்தால் நல்லதுதானே, பொய் கொஞ்சம் மெய்யாகும்… என்று மனசு என்னவோ பேசிக்கொண்டிருக்கும்போதே கால் மனசைக் கேட்காமல் எழுந்துவிட்டது. நின்றுகொண்டிருந்தாள். கை மார்பின் குறுக்கே கட்டியது கட்டியபடி இருந்தது. கைதட்டல் எழுந்தது, ருச்சா ஓடி வந்து கட்டிக்கொண்டாள், சுஷமாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது, பிறந்த வீட்டிலிருந்து யாரோ வந்துவிட்ட மாதிரி இருந்தது, தன் கால்தான், திரும்பி வந்திருக்கிறது. ஷைலா அதற்குள் இரண்டு கையையும் நீட்டிவிட்டாள், விரலைப் பிடிக்காதே, மணிக்கட்டைப் பிடி என்றாள், பிடித்தாள், பாதம் நான்கும் நடுவில் சேர்ந்தன, சாய்ந்தார்கள், சுற்றினார்கள், மேடையும் வெல்வெட் நாற்காலியும் ஜாதவ் காகாவின் வழுக்கையும் ஒரே கோடாகிப் போயின, மெதுவா, மெதுவா என்று ருச்சா கத்துவது எங்கோ கேட்டது, ஆனால் அவளும் சிரித்துக்கொண்டுதான் கத்தினாள்.

நின்றதும் தலை சுற்றியது, மூச்சு வாங்கியது, எல்லோரும் ஒரே குரலில், "பேரு சொல்லு, பேரு சொல்லு!" நல்லது எது நடந்தாலும் பெண்பிள்ளையை நிற்கவைத்து உகாணா கேட்பார்கள், கணவன் பெயரை வைத்து அந்த இடத்திலேயே நாலு வரி கட்டிச் சொல்ல வேண்டும். மற்ற நாளில் 'இவர்', 'அமேயோட அப்பா', உகாணாவில் மட்டும் பெயர். சுஷமா இதில் புலி, ஆனால் புலி மூச்சிரைக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது. யோசித்திருந்தால் துளசி, மல்லிகை, வெள்ளித் தட்டு என்று பழைய சரக்கு ஏதாவது எடுத்து விட்டிருப்பாள். யோசிக்கவில்லை. வாய் தானாக ஆரம்பித்தது:

"சிராவணம் பொறந்து மழையும் வந்தாச்சு,
முட்டியில் இருந்த வலியும் போயாச்சு,
விஷ்ராம்ராவ் கையால வர்ற டீக்காக
வீட்டுக்குள்ள நொண்டறதே பழக்கமாயாச்சு!"

மண்டபம் இரண்டாகப் பிளந்த மாதிரி சிரிப்பு. ஜாதவ் காகா நெஞ்சுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சுஷமாவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே திரும்பினால், ஷைலா கையில் கைப்பேசி, அதன் கண் இவள் முகத்துக்கு நேராக. "எடுத்தியா?" "எடுத்து அனுப்பியும் ஆச்சு, நம்ம கட்டடத்து குரூப்புக்கு, நீ இப்படி நின்னு பேரு சொன்னதை எல்லாரும் பாக்கணும்ல, எவ்வளவு பெருமையா இருந்துச்சு…" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள், வாயில் கை வைத்தாள். கட்டடத்து குரூப்பில் தினமும் காலையில் முதல் சேதி போடுகிறவரே விஷ்ராம்தான், இன்று மேகமூட்டம், மாலையில் தூறல், துணியை உள்ளே எடுக்கவும். "அழிடி, உடனே அழி." "இரு, இரு, அவசரப்படுத்தாதே." வாதம் பிடித்த விரல் ஒன்றைத் தொடப்போய் இன்னொன்றைத் தொட்டது. ஷைலா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தாள். "அழிஞ்சிடுச்சு… ஆனா எனக்கு மட்டும்தான் அழிஞ்சிருக்காம். மத்தவங்களுக்கு இருக்குமாம். இனிமே என்னால எடுக்க முடியாதாம்." சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு தாங்கவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டாள், சுஷமாவுக்கு அவளைக் கொல்லலாம் போலவும் இருந்தது, அவளோடு சேர்ந்து சிரிக்கலாம் போலவும் இருந்தது.

தெருவில் தூறல், குடையை விரிக்கவில்லை. பார்த்திருப்பாரா? பார்க்காமல் இருக்க மாட்டார், சேதி வந்த உடனே பார்ப்பார், மழை பற்றி யாராவது சந்தேகம் கேட்டிருப்பார்கள் என்று. பார்த்தால் என்ன செய்வார்? கோபப்பட மாட்டார், கோபப்பட்டால் கூடப் பரவாயில்லை, சரி சரி நல்லாயிடுச்சே என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் பிரிப்பார், அதுதான்… காய்கறிக்காரி, இன்னிக்கு அவரைக்காய் இளசா இருக்கு என்றாள், நாளைக்கு என்று கை காட்டிவிட்டு நடந்தாள். கட்டடமே பார்த்திருக்குமே, கடைசி மாடி ராணடே வீட்டம்மா வேறு சிரிக்கிற பொம்மை ஐந்தாறு போட்டிருப்பாள். முதலிலேயே சொல்லியிருக்கலாம், அன்றைக்கே, போர்வையை இழுப்பதற்குப் பதிலாக, இதோ பாருங்க, மடங்குது என்று, ஆனால் அப்படிச் சொல்லியிருந்தால் அதற்குப் பிறகு வந்த சேதிகள் எல்லாம் வந்திருக்குமா, கால்விரல் சேதி அதற்கு அப்புறம்தானே வந்தது… மருந்துக்கடை வந்துவிட்டது. இங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். கால் பழக்கத்தில் சாயப் போனது, நிறுத்தினாள். அவர் பார்த்திருந்தால், நொண்டினால் வெட்கக்கேடு. பார்க்காமல் இருந்தால், நொண்டாவிட்டால் மாட்டிக்கொண்டோம். மருந்துக்கடைப் பையன் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தான், என்ன காகூ, வழுக்குதா? இல்லப்பா, யோசிக்கறேன். கடைசியில் இரண்டும் இல்லாத ஒரு நடை நடந்தாள், ஒரு அடி நன்றாக, ஒரு அடி சந்தேகமாக, பால்கனியை நிமிர்ந்து பார்க்கவில்லை, பார்க்காமலேயே அங்கே யாரோ நிற்பது போல இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. லிஃப்டில் ஏறாமல் படியில் ஏறினாள், மூன்று மாடி, மூச்சு வாங்கியது, முட்டி வாயே திறக்கவில்லை, துரோகி.

கதவு திறந்தே இருந்தது. விஷ்ராம் கூடத்தில் உட்கார்ந்திருந்தார், கண்ணாடி போட்டிருந்தார், கைப்பேசி மடியில் இருந்தது. "வந்துட்டியா?" "வந்துட்டேன்." மின்விசிறியை ஒரு எண் குறைத்தார், வியர்த்து வந்தவர்களுக்கு ஆகாது என்பார். சுஷமா எதிரே உட்கார்ந்தாள், கையை ஊன்றியா ஊன்றாமலா என்று அவளுக்கே ஞாபகம் இல்லை. "வீடியோ ஒண்ணு வந்துது" என்றார். "ம்." "மூணாவது வரி இடிக்குது." "என்னது?" "மத்த மூணும் ஆச்சு ஆச்சுன்னு முடியுது. அது மட்டும் 'டீக்காக'ன்னு தனியா நிக்குது." இந்த மனிதரை என்ன செய்வது, ஊரே சிரித்த இடத்தில் இவர் வரி எண்ணிக்கொண்டிருக்கிறார்… சொல்லிவிட வேண்டும், வரும் வழியெல்லாம் கோத்துக்கொண்டு வந்த வாக்கியம் தொண்டை வரை வந்துவிட்டது, ஆமாங்க, சரியாகிவிட்டது, ரொம்ப நாளாச்சு, நான்தான்… அதற்குள் அவர் லேசாக இருமினார், கைப்பேசியைப் புரட்டி வைத்தார், "அதுல… வலி போயாச்சுன்னு என்னமோ வந்துதே?" என்றார்.

அந்த முகத்தை அவள் முன்னால் ஒரு தடவை பார்த்திருக்கிறாள். ஓய்வு பெற்ற நாளன்று, கையில் தேங்காயும் தோளில் சால்வையுமாக வந்து இதே இடத்தில் உட்கார்ந்து, "நாளைக்கு எத்தனை மணிக்கு எழுந்துக்கணும்?" என்று கேட்டபோது இருந்த முகம். அன்றைக்கு அவள் எப்ப வேணா எழுந்துக்கலாம், யாரு கேக்கப் போறா என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்… போயிருக்கக் கூடாது. இன்றைக்கு அவள் எங்கேயும் போகவில்லை. தொண்டையில் இருந்த வாக்கியத்தை விழுங்கினாள். "அது பாட்டுக்காகச் சொன்னதுங்க. 'வந்தாச்சு'ன்னு ஆரம்பிச்சா 'போயாச்சு'ன்னுதானே வந்து விழும்."

"அதானே" என்றார் விஷ்ராம், தோள் இறங்கியது, முகத்தில் வெயில் வந்தது. "நானும் அப்படித்தான் நெனச்சேன். அது என்ன சட்டுனு போற வலியா? ரெண்டு நாள் விட்ட மாதிரி இருக்கும், அப்பறம் மறுபடி பிடிச்சுக்கும். நம்பவே கூடாது. காலைத் தூக்கி அந்தப் பிரம்பு மோடா மேல வை, டீ போடறேன்." "இந்நேரத்துலயா?" "வியர்த்து வந்திருக்கல்ல." எழுந்து உள்ளே போனார், நடையில் ஒரு துள்ளல், பாத்திரம் உருண்டது, அடுப்பு பற்றியது. உள்ளேயிருந்தே குரல் வந்தது, "ஆனா செவ்வாக்கிழமை ஆடணும்னா ஆடு. ஒருநாள் ஆடினா ஒண்ணும் ஆகாது. அந்த மெத்தை நாற்காலியில நான் உக்காந்து பாக்கறேன்." அவளுக்குச் சிரிப்பு வந்தது, பாருங்கள், எல்லாம் இவ்வளவு சுலபமா, இதற்கா இத்தனை நாள்… "நீ நல்லாத்தான் சுத்துவ, எனக்குத் தெரியாதா, போன மாசம் கீழ் அலமாரியில வாணலி எடுக்கக் குந்தி உக்காந்தியே, அப்பவே எனக்கு…" என்று சொல்லிக்கொண்டே வந்த குரல் நின்றது. பால் பொங்கும் ஓசை, அடுப்பைத் தணிக்கும் ஓசை. "அப்பவே உங்களுக்கு?" என்றாள் சுஷமா. "இஞ்சி எங்க வெச்சிருக்க?" என்றார் அவர்.

போன மாதம். அப்படியானால் அதற்குப் பிறகு வந்த காலைகள் எல்லாம், தட்டோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, முட்டி எப்படி இருக்கு என்று கேட்டுவிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாரே, அவள் "இருக்கு" என்றதும் ஒரு பெருமூச்சு விடுவாரே, ஐயோ பாவம் என்று வருத்தப்படுகிறார் என்றல்லவா அவள் நினைத்தாள்… எதற்காகக் காத்திருந்தார் அப்போது, எந்தப் பதில் வந்துவிடக் கூடாது என்று? முட்டியைத் தொட்டுப் பார்த்தாள், சூடாக, வியர்வையோடு, தேறி, தன் பாட்டுக்கு இருந்தது. இஞ்சி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், அவர்தான் நேற்று வாங்கி வைத்தார். எழுந்து போய் எடுத்துக் கொடுக்க நாலு எட்டுதான், கால் ஒன்றும் சொல்லாது. "பால் பாத்திரத்துக்குப் பக்கத்துல, நீலக் கிண்ணத்துல பாருங்க" என்று சொல்லிவிட்டு, சுஷமா காலைத் தூக்கி மோடாவின் மேல் வைத்துக்கொண்டாள்.